இரண்டாம் மாதச் சளியில் தென்பட்ட கிருமி: நுரையீரல் காசநோய் சிகிச்சையில் உயிரியல் குறியீடுகளை வாசித்தல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை தொடங்கிவிட்ட பிறகு, அது உள்ளே வேலை செய்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது என்ற கேள்வி, பல நேரங்களில் நோயைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானதாக இருக்கிறது. சளியில் கிருமி, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம், உடல் எடை, மார்பு எக்ஸ்ரே என நம் கையில் இருக்கும் குறியீடுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது சிக்கல் எதுவும் இல்லை. அவை ஒன்றுக்கொன்று முரண்படும் நாளில், ஒவ்வொன்றும் உண்மையில் எதை அளக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தால் மட்டுமே சரியான முடிவை எடுக்க முடியும். அப்படி முரண்பட்ட ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பார்க்கிறோம். கற்பித்தலுக்காகத் தொகுக்கப்பட்ட நிகழ்வு இது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் நோயும்

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தறி குடோனில் விசைத்தறி ஓட்டும் 48 வயது ஆண். மூன்று மாதங்களாக இருமலும், மாலை நேரக் காய்ச்சலும், உடல் மெலிவும் இருந்தன. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன, ஆனால் அவற்றை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "தறியில பஞ்சு அடைச்சா இருமல் வர்றதுதானுங்களே, அதப் போயி பெருசா எடுத்துக்கலீங்க" என்றார். விசைத்தறியும் நூற்பாலையும் நிறைந்த இந்த வட்டாரத்தில் காசநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இந்த ஒரு வாக்கியம் பெரும் காரணம் என்பது என் கருத்து. தூசியால் வரும் இருமலுக்கும் கிருமியால் வரும் இருமலுக்கும் தொடக்கத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

எடை 44 கிலோ, உயரம் 166 செ.மீ., உடல் நிறை எண் 16. மூச்சு வீதம் நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் அளவு 96 விழுக்காடு, கால் வீக்கம் இல்லை, பிடிமானம் இன்றி எழுந்து நின்றார். ஆகவே, தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் வகைப்பாட்டின்படி உடனடியாக உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. எக்ஸ்ரேயில் வலது மேல் மடலில் ஏறத்தாழ 4 செ.மீ. அளவுள்ள குழியும், இரு பக்க மேல் பகுதிகளில் படர்ந்த நிழல்களும் தெரிந்தன. சளியில் கிருமி 3+, அதாவது மிக அதிக அளவு. கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் காசநோய்க் கிருமி 'மிதமான' அளவில் இருந்தது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. பின்னர் வந்த, மருந்து எதிர்ப்பைத் தேடும் எல்.பி.ஏ. பரிசோதனை ஐசோனியசிட் மருந்துக்கும் எதிர்ப்பு இல்லை என்று உறுதி செய்தது. எச்.ஐ.வி. இல்லை. சி.ஆர்.பி. லிட்டருக்கு 96 மி.கி., சிவப்பணுக்கள் படியும் வேகமான இ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 88 மி.மீ., ஹீமோகுளோபின் 10.2, ஆல்புமின் 2.9, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 10.4.

35 முதல் 49 கிலோ வரையான எடைப் பிரிவுக்கு உரிய வகையில், நான்கு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை நாளொன்றுக்கு மூன்று என்று தொடங்கப்பட்டது. வீட்டில் இருந்தவர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் அளிக்கப்பட்டன.

முதல் இரண்டு மாதங்கள்

காய்ச்சல் இரண்டு வாரங்களுக்குள் நின்றது. பத்து நாள்களுக்கு மேல் ஆன நிலையில் எடுத்த சி.ஆர்.பி. அறிக்கை, நோயாளி தம் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் எடுத்து வந்ததாக இருந்தது. அதில் '48' என்று எழுதியிருந்தது. அதே வாரம் மருத்துவமனையில் எடுத்தபோது 58 வந்தது. நோய் கூடியதால் வந்த வேறுபாடு அன்று இது. சிறு ஊர்களில் உள்ள பல கூடங்களில் சி.ஆர்.பி. இன்னும் லேட்டெக்ஸ் முறையில்தான் பார்க்கப்படுகிறது. சீரத்தை இரட்டித்து இரட்டித்து நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை கண்ணாடித் தகட்டில் துகள்கள் திரள்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் முறை அது. ஆகவே விடை 6, 12, 24, 48, 96 என்ற படிகளில் ஏதேனும் ஒன்றாகத்தான் இருக்கும். 50-உம் 90-உம் அதில் ஒரே படியில் விழக்கூடும். ஒளிச்சிதறலைக் கருவியால் அளக்கும் முறையில் கிடைக்கும் எண்ணோடு இதை ஒப்பிட்டு ஏற்றம் இறக்கம் பேசுவது பொருளற்றது. தொடர் கண்காணிப்புக்கு சி.ஆர்.பி.யைப் பயன்படுத்த விரும்பும் எவரும் முதல் நாளிலிருந்தே ஒரே கூடம், ஒரே முறை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நோயாளியிடமும் அதைச் சொல்லிவிட்டோம்.

முதல் மாத முடிவில் சி.ஆர்.பி. 31 ஆகக் குறைந்திருந்தது, எடையோ 44.6 கிலோவில் நின்றது. கிருமியின் வேகம் தணிந்திருப்பதைச் சி.ஆர்.பி. காட்டும்போது உடல் ஏன் தேறவில்லை என்று தேடியபோது, விடை சர்க்கரையில் கிடைத்தது. வெறும் வயிற்றில் 240-க்கு மேல் இருந்தது. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பது நன்கு அறியப்பட்டதே. அவருக்கு இன்சுலின் தொடங்கப்பட்டது. இரண்டாம் மாத முடிவில் எடை 46.8 கிலோ, சி.ஆர்.பி. 11. பசி திரும்பியிருந்தது, தறிக்கு எப்போது போகலாம் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

முரண்பாடு

அந்த மகிழ்ச்சிக்கு நடுவில்தான் சளி அறிக்கை வந்தது. நுண்ணோக்கியின் நூறு பார்வைப் புலங்களில் ஆறு கிருமிகள். 'ஸ்கான்ட்டி', அதாவது மிகச் சில, என்ற பிரிவு. இதைக் கண்டு கலங்கிய ஒருவர், விதிமுறையில் இல்லாத போதும், அதே சளியை சிபிநாட் கருவியில் போட்டுவிட்டார். 'மிகக் குறைந்த அளவில் கிருமி உள்ளது' என்று அதுவும் சொன்னது. இரண்டு பரிசோதனைகள் கிருமி இருக்கிறது என்கின்றன. மாத்திரை வேலை செய்யவில்லை என்ற பேச்சு வீடு வரை போய்விட்டது. உறவினர் ஒருவர் "கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி வேற மருந்து போட்றலாமுங்க" என்று வற்புறுத்தினார். கூடுதலாக லீவோஃப்ளாக்சசின் என்ற ஒரு மருந்தை மட்டும் சேர்த்துப் பார்க்கலாமே என்ற ஆலோசனையும் எழுந்தது.

அந்த ஆலோசனையைத்தான் முதலில் மறுத்தோம். தோற்றுக்கொண்டிருப்பதாக ஐயப்படும் மருந்து வரிசையில் ஒற்றை மருந்தைச் சேர்ப்பது, எஞ்சியுள்ள கிருமிகளுக்கு அந்த ஒரு மருந்தையும் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுப்பதாகும். தோல்வி உண்மையானால் மாற்ற வேண்டியது முழு வரிசை. தோல்வி இல்லையென்றால் எதையும் மாற்றத் தேவையில்லை. இடைப்பட்ட வழி இங்கே கிடையாது.

இரண்டாவதாக, அறிக்கைகள் எதைச் சொல்கின்றன என்று பார்த்தோம். நுண்ணோக்கியில் தெரிவது அமிலத்தைத் தாங்கும் மெழுகுச் சுவர் உள்ள கிருமி. அது உயிரோடு இருக்கிறதா, மருந்தால் செத்த பிறகு சளியோடு வெளியேறுகிறதா என்பதைச் சாயம் பிரித்துக் காட்டாது. பெரிய குழி உள்ள, தொடக்கத்தில் 3+ ஆக இருந்த நோயாளியிடம் செத்த கிருமிகள் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருப்பது வழக்கமானதே. சிபிநாட் தேடுவது டி.என்.ஏ.வை. உயிர் போன பிறகும் நெடுநாள் சிதையாமல் கிடக்கும் பொருள் அது. அறுவடை முடிந்த சோளக்காட்டில் தட்டை நிற்பதைக் கண்டு பயிர் நிற்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது, சிகிச்சையின் நடுவே சிபிநாட் முடிவைக் கொண்டு கிருமி உயிரோடு இருக்கிறது என்பது. சிகிச்சையைக் கண்காணிக்க அந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படாததற்குக் காரணமும் இதுவே.

மூன்றாவதாக, சளியையே பார்த்தோம். முதல் மாதிரிக் குடுவையில் நுரைத்த எச்சில்தான் இருந்தது. வீட்டுக்குச் சென்ற காசநோய் சுகாதாரப் பார்வையாளரிடம் அவர் சொன்னது: "எச்சல்தானுங்க அம்மணி வருது, சளி எங்க வருது." அந்தப் பெண் அவரை வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, வெந்நீர் குடிக்கச் செய்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, "அண்ணா, நல்லா ஆழமா மூச்ச இழுத்து, ரெண்டு மூணு தடவ உள்ளிருந்து இருமி எடுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் விடியற்காலையில் கட்டியான, மஞ்சள் கலந்த மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியது அந்த மாதிரியைத்தான். உடல் தேறத் தேறச் சளி குறைந்துபோவது நல்ல அறிகுறி. ஆனால் சளியைச் சார்ந்த எந்தக் குறியீடும் அப்போதிருந்து நம்பகத்தன்மையை இழக்கத் தொடங்குகிறது என்பதை ஆய்வகத்தில் இருப்பவர்கள் எப்போதும் நினைவில் வைத்திருப்பதில்லை.

மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்று பார்க்க அதே மாதிரியில் செய்யப்பட்ட எல்.பி.ஏ., கிருமி மிகக் குறைவாக இருந்ததால் தெளிவான விடை தரவில்லை. மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்ததில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. எனவே நான்கு மருந்துகள் கொண்ட முதல் இரண்டு மாதத் தீவிர கட்டத்தை நீட்டிக்காமல், நடைமுறைப்படி மூன்று மருந்துகள் கொண்ட தொடர் கட்டத்துக்கு மாற்றிவிட்டு, வளர்ப்புச் சோதனைக்குக் காத்திருந்தோம். திரவ ஊடகத்தில் 42 நாள்கள் முடிந்தும் எதுவும் வளரவில்லை. சளியில் தென்பட்டவை செத்த கிருமிகளே.

நான்காம் மாதம்

கதை இங்கே முடிந்திருந்தால் சி.ஆர்.பி.யைப் புகழ்ந்து எழுதி முடித்திருக்கலாம். நான்காம் மாதத்தில் வழக்கமான பரிசோதனையில் சி.ஆர்.பி. 47 என்று வந்தது. சளியில் கிருமி இல்லை. எடை 48.9 கிலோ. இருமல் இல்லை. இம்முறை சளி நல்ல செய்தியையும் இரத்தம் கெட்ட செய்தியையும் சொன்னது.

வெள்ளணுக்கள் 14,800, அவற்றில் 84 விழுக்காடு சீழ்க் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில்கள். காசநோய் தலைதூக்கும்போது இத்தகைய ஏற்றம் வழக்கமில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னபோதுதான் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, பல வாய் வைத்த ராஜபிளவை ஒன்று தெரிந்தது. நான்கு நாள்களாக மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார். காசநோய் மருத்துவரிடம் முதுகுக் கட்டியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கீறிச் சீழ் எடுக்கப்பட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற சீழ்க் கிருமி வளர்ந்தது; சீழில் காசநோய்க் கிருமி இல்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது. இன்சுலின் அளவு கூட்டப்பட்டது. இரண்டு வாரங்களில் சி.ஆர்.பி. 12, ஆறாம் மாத முடிவில் 4.

விவாதம்

காசநோயின் போக்கை இரத்தத்தில் படிக்கும் முயற்சி புதியது அன்று. இ.எஸ்.ஆர். பரிசோதனையோடு பெயர் இணைந்த சுவீடன் மருத்துவர் வெஸ்டர்கிரென் 1921-இல் அதை விவரித்ததே நுரையீரல் காசநோயாளிகளிடம்தான். பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ள பகுதியை ஊரார் இன்றும் சானடோரியம் என்றே சொல்கிறார்கள். அத்தகைய காசநோய் நிலையங்களின் காலத்தில் காய்ச்சல் அட்டவணையும், எடைத் தராசும், இ.எஸ்.ஆர். குழாயுமே மருத்துவரின் குறியீடுகளாக இருந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்து எடுப்பவர்களும் நிலையத்தில் தங்கியிருப்பவர்களுக்கு நிகராகக் குணமடைகிறார்கள் என்று காட்டிய பிறகு, நோயாளி நம் கண்பார்வையிலிருந்து விலகி வீட்டுக்குப் போனார். அவர் உடலுக்குள் நடப்பதைத் தொலைவிலிருந்து அறிய உதவும் குறியீடுகளின் தேவை அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகிறது, இன்டர்லியூக்கின்-6 என்ற வேதிச் செய்தி அதைத் தூண்டுகிறது. இரத்தத்தில் அதன் அரையாயுள் ஏறத்தாழ 19 மணி நேரம். நோய் எதுவானாலும் அந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. எனவே இன்றைய அளவு என்பது இன்றைய அழற்சியின் அளவுக்கு மிக அருகில் இருக்கும். இதுவே அதன் பலம்: வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும் இ.எஸ்.ஆர். போலன்றி, மாற்றத்தை உடனே காட்டும். அழற்சி எதனால் வந்தது என்று சொல்லாது என்பது அதன் எல்லை. ராஜபிளவைக்கும், பல் வேர்ச் சீழுக்கும், நிமோனியாவுக்கும் அது ஒரே மொழியில்தான் பேசும். காசநோய் சிகிச்சையில் இத்தனை வாரத்தில் இத்தனை விழுக்காடு குறைந்தால் போதும் என்று உலக அளவில் ஏற்கப்பட்ட எல்லை எண் ஒன்றும் கிடையாது. ஆகவே ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யலாகாது. அதே நோயாளியின் தொடர் சரிவு மட்டுமே பொருளுடையது. சரிவு நின்றாலோ ஏறினாலோ, மருந்தைக் குறை சொல்வதற்கு முன் நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியானால் பாதத்தையும் முதுகையும் பல்லையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எடையும் ஓர் உயிரியல் குறியீடுதான், அதுவும் வலிமையானது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு ஊட்டச்சத்து அளித்து நடந்த ரேஷன்ஸ் ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் நோயாளியின் எடை இரண்டு மாதத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி இன்சுலின் தொடங்கிய பிறகு வந்தது என்பதால், அதை முழுவதும் காசநோய் மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. சர்க்கரை நோய் உள்ளவரிடம் எடையும் இரட்டைப் பொருள் தருகிறது. தமிழகத்தில் காசநோயும் சர்க்கரை நோயும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது அரிதன்று என்பதால் இந்த எச்சரிக்கை பலருக்கும் பொருந்தும்.

சளி வளர்ப்புச் சோதனையே இன்றும் உரைகல். உயிருள்ள கிருமியை மட்டுமே அது காட்டும். விடை வர ஆறு வாரம் ஆகும் என்பதே அதன் குறை. இந்த நிகழ்வில் அந்த ஆறு வாரமும் ஒரு குடும்பம் அச்சத்தோடு இருந்தது. இந்த இடைவெளியை நிரப்ப உருவானவற்றில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது, கிருமியின் 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை அளந்து உயிருள்ள கிருமிகளின் அளவை மதிப்பிடும் எம்.பி.எல்.ஏ. என்ற பரிசோதனை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் இதை வளர்த்தெடுத்தனர். ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வைவிட விரைவாகச் சிதைவதால், கிருமி சாகச் சாக அளவும் குறைகிறது. விடை சில மணி நேரங்களில் கிடைக்கிறது. இத்தகைய பரிசோதனை இரண்டாம் மாதத்தில் கைவசம் இருந்திருந்தால், அந்த ஆறு வாரக் காத்திருப்பு ஒரே நாளில் முடிந்திருக்கும். நம் மாவட்டக் கூடங்களின் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது இன்னும் வரவில்லை. விரல் நுனி இரத்தத்தில் ஜி.பி.பி.5, டி.யு.எஸ்.பி.3, கே.எல்.எஃப்.2 என்ற மூன்று மனித மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் பரிசோதனையும் ஆய்வில் உள்ளது. சளியே வராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பயன்படக்கூடும். அதுவும் உடலின் எதிர்வினையை அளப்பதே என்பதால், சி.ஆர்.பி.க்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் ஓரளவு பொருந்தும்.

குறியீடு நன்றாக இருக்கிறது என்பதற்காக மருந்தை முன்கூட்டி நிறுத்தலாமா என்று இந்த நோயாளியும் கேட்டார். தறி வேலைக்குத் திரும்பும் அவசரம் அவருக்கு. இதற்கு 2014-இல் வெளியான ஆய்வுகளே விடை. மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்து நான்கு மாதத்தில் சிகிச்சையை முடித்துப் பார்த்த ரெமாக்ஸ்-டிபி ஆய்வில், சளி வளர்ப்பு முன்னதாகவே எதிர்மறையானது. ஆயினும் மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்பியவர்கள் ஆறு மாதச் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம். சளிக்கு வராமல் நுரையீரலின் உட்பகுதியில் மந்தமாக உறங்கும் கிருமிகளை இரண்டாம் மாதச் சளி பிரதிநிதித்துவம் செய்வதில்லை. 2016-இல் தென்னாப்பிரிக்காவில் குணமடைந்த நோயாளிகளிடம் எடுத்த பெட்-சி.டி. படங்களும், ஆறு மாத முடிவில் பலருக்கும் நுரையீரலில் அழற்சி எஞ்சியிருப்பதைக் காட்டின. குறியீடுகள் நமக்கு எச்சரிக்கை மணியாகப் பயன்படும் அளவுக்கு, மருந்தை நிறுத்தும் அனுமதிச் சீட்டாகப் பயன்படும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

முடிவு நிலையும் தொடர் கவனிப்பும்

ஆறு மாதச் சிகிச்சை முடிந்தபோது எடை 50.6 கிலோ, ஹீமோகுளோபின் 12.6, எச்.பி.ஏ.1.சி. 7.3. சளி நுண்ணோக்கியிலும் வளர்ப்பிலும் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் குழி சுருங்கி, வலது மேல் மடலில் தழும்பும் சிறு வெற்றிடமும் எஞ்சியுள்ளன. பிற்காலத்தில் வேறு மருத்துவர் யாரேனும் அந்தப் படத்தை மட்டும் பார்த்து மீண்டும் மாத்திரை தொடங்கிவிடக்கூடும் என்பதால், சிகிச்சை முடிந்த நாளில் எடுத்த படத்தின் நகலையும், கடைசி சி.ஆர்.பி. எண்ணையும், அது எந்தக் கூடத்தில் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறோம். சிகிச்சை முடிந்து 6, 12, 18, 24 மாதங்களில் அவர் வர வேண்டும். முதல் வருகையில் இருமல் இல்லை, எடை குறையவில்லை; சி.ஆர்.பி. 3. இன்சுலின் தொடர்கிறது. பஞ்சுத் தூசி குறைவான பிரிவுக்கு மாற்றித் தருமாறு தறி உரிமையாளரிடம் பேசியிருப்பதாகச் சொன்னார். சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் நுரையீரல் செயல்திறனையும் பன்னிரண்டாம் மாத வருகையில் மறுபடி அளக்க இருக்கிறோம்.